பனிவண்டியின் வளைவும் நான் எழுதாமல் விட்ட வரியும்

1

சென்ற வாரம் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, ‘போன வருடம் இதே நாள்’ என்று கைபேசி தானாகவே ஒரு காணொளியை எடுத்து நீட்டியது. பதினெட்டு விநாடிதான். வெள்ளைச் சரிவில் ஒரு பனிவண்டி இறங்கி வருகிறது. வளைவுக்குச் சற்று முன்னால் மூக்கைத் தாழ்த்துகிறது. ஓட்டுபவன் உள்பக்கமாகச் சாய்கிறான்; கோடு போட்டு வைத்ததுபோல வண்டி வளைந்து வெளியேறுகிறது. ஓட்டுபவன் நான்தான். தலைக்கவசத்துக்குள் நான் போட்ட கூச்சல்கூட அதில் கேட்கிறது.

அக்கா மகள் யாழினி என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துவிட்டாள். ஒன்பது வயது. ஷார்ஜாவில் பிறந்து, ஷார்ஜாவிலேயே வளர்பவள். நாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அதட்டினால் மட்டும் தமிழ் வரும். “மாமா, யூ லுக் சோ ஹாப்பி” என்றாள். என் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனதைக் கவனித்து, ஏன் என்று கேட்டாள். அந்த வண்டி ரிப்பேர் என்றேன். நீங்கள்தானே ரிப்பேர் பார்ப்பவர் என்று ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டாள். வாயில் நுரை இருந்ததால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

அந்தக் காணொளி எடுத்த மறுநாள் நடந்ததை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு முதல் சந்தேகம் இதுவாகத்தான் இருக்கும்: பாலைவனத்தில் பனிவண்டி ஏது? இங்கே மாலுக்குள் பனி இருக்கிறது. துணிக்கடை, நகைக்கடை, அடுத்து ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் சைபருக்குக் கீழே குளிர். வெளியே நாற்பத்தைந்து டிகிரி. நான் வாழ்க்கையில் முதன்முதலாகப் பனியைத் தொட்டது ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில். கரூரில் இருக்கும் அம்மாவிடம் சொன்னபோது, அப்படியானால் மழையையும் மேல்மாடியில் வைத்திருப்பார்களே என்று கேட்டாள்.

இந்தப் பனிக்கூடத்தில் நான் பராமரிப்பு டெக்னீஷியன். விசாவில் வேறு பதவி எழுதியிருக்கிறது. அது வேறு கதை. கல்லூரியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து மண்பாதையில் ஓட ஒரு வண்டி செய்தோம். போட்டியில் முதல் வளைவிலேயே அது திரும்பாமல் நேராகப் போய் வைக்கோல் கட்டில் முட்டி நின்றது. மைதானமே சிரித்தது. வண்டிகள் ஏன் திரும்ப மறுக்கின்றன என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்தது, விடவே இல்லை. விருந்துக்குப் போன இடத்தில்கூட ஸ்கூட்டர் ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்க்கிறவன் நான்.

பனிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பனிவண்டி. குழாய், வலை, கொடிக்கம்பம் எல்லாவற்றையும் ஒரு சறுக்குப் பெட்டியில் ஏற்றி, பின்னால் கட்டி, மேலே இழுத்துக்கொண்டு போவதுதான் அதன் வேலை. யாராவது விழுந்து அடிபட்டால் அதே பெட்டியில் படுக்கவைத்துக் கீழே கொண்டுவரும். அதை ஓட்டியவர் தங்கராசு அண்ணன்.

பெரம்பலூர் பக்கம் வேப்பந்தட்டை. நாற்பத்தாறு வயது, நல்ல கனமான உடம்பு. ஊரில் டிராக்டர் ஓட்டியவர். பிறகு மினி லாரியில் சின்ன வெங்காயம் ஏற்றித் திருச்சி மார்க்கெட்டுக்கு அடித்தவர். அப்புறம் சவூதியில் யான்புவில் ஆறு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். எங்கள் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் இன்னொரு கம்பெனியின் ஒப்பந்தத்தில் இங்கே வந்தவர். எந்த வண்டியைக் கொடுத்தாலும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு அதன் குணத்தைச் சொல்லிவிடுவார். அறையில் இருப்பவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். டிரைவர் என்பார்கள். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.

3

அந்தப் பனிவண்டி திரும்பாது. முன்னால் ஸ்கீ என்று இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் அகலமான ஒரு ரப்பர் பெல்ட். பெல்ட் தள்ள வேண்டும், ஸ்கீ திருப்ப வேண்டும். ஆனால் ஆக்சிலேட்டரைக் கொடுத்ததும் எடையெல்லாம் பின்னால் சாய்ந்துவிடும், ஸ்கீ லேசாகிவிடும். லேசான ஸ்கீ பனியைக் கடிக்காது. ஹாண்டிலை முழுக்க ஒடித்தாலும் வண்டி தன் பாட்டுக்கு நேராகப் போகும்.

தங்கராசு அண்ணன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வளைவு வருவதற்கு வெகு முன்பே ஹாண்டிலைக் கடைசிவரை ஒடித்துவிடுவார். அப்படியே வழுக்கிப் போகும்போது கட்டை விரலால் ஒரு வெட்டு ஆக்சிலேட்டர் கொடுப்பார். பின்பக்கம் விசிறித் திரும்பும். எட்டு மாதம் தினமும் அப்படி ஒடித்து ஒடித்து அவருக்குத் தோள்பட்டை வலி வந்துவிட்டது. ஒருநாள் தைலம் தடவிக்கொண்டே என்னைச் சீண்டினார்.

“ஏம்ப்பா இன்ஜினியரு, எருமைகூட வாலைத் திருகுனா திரும்புது. நீ படிச்ச படிப்பு இந்த வண்டிக்குத் தெரியாதா?”

போதும் எனக்கு. அன்றிலிருந்து மூன்று வாரம் அதே வேலை. குளிர்நாட்டுக்காரர்கள் போட்ட காணொளிகளாகப் பார்த்துத் தள்ளினேன். விஷயம் எளிதுதான். ஸ்கீக்கு அடியில் கத்திபோல ஒரு உலோகக் கம்பி இருக்கும். எங்கள் வண்டியில் அது தேய்ந்து மழுங்கியிருந்தது. பெல்ட்டுக்குள் ஒரு பட்டை இருக்கிறது. அதை இரண்டு துளை இறுக்கினால் வண்டி முன்பக்கம் தூக்காது. எடை ஸ்கீயிலேயே நிற்கும். பெல்ட்டின் முன் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, ஸ்கீ ஸ்பிரிங்கை ஏற்றினால் இன்னும் கடிக்கும். ஓட்டுகிறவனும் மாற வேண்டும்: வளைவுக்கு முன்னாலேயே ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்கை லேசாகத் தொட்டு, மூக்கைத் தாழ்த்த வேண்டும், உடம்பை உள்பக்கம் சாய்க்க வேண்டும், வெளியேறும்போதுதான் மெல்ல ஆக்சிலேட்டர்.

எந்த வண்டியிலும் ஒரு மாற்றம் செய்வதென்றால் படிவம் உண்டு. சூப்பர்வைசர், சேஃப்டி, ஆபரேஷன்ஸ் என்று மூன்று கையெழுத்து. இரண்டு வாரம் ஆகும். ஒரு பட்டையை இரண்டு துளை இறுக்க எதற்கு மூன்று கையெழுத்து என்று எனக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை அண்ணனுக்கு ஆஃப். அன்று காலை மால் திறப்பதற்கு முன் எல்லாவற்றையும் மாற்றினேன். வலைக்கம்பத்தில் கைபேசியைக் கட்டிவிட்டு நானே ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பதினெட்டு விநாடி அதுதான்.

ஸ்பிரிங்கை அளப்பதற்கு முதல் விதி, யார் ஓட்டப்போகிறாரோ அவரை உட்காரவைத்து அளக்க வேண்டும் என்பது. நான் என்னை உட்காரவைத்து அளந்தேன். ஐம்பத்தாறு கிலோ. பின்னால் பெட்டியும் கட்டவில்லை.

4

அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது மறதியால் அல்ல. முதல் வளைவில் வண்டி திரும்பும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசை. புதன்கிழமை காலை ஆறரைக்கு டீயோடு பட்டறை வாசலில் போய் நின்றேன். நாளைக்கு அவருக்குத் தோள் வலிக்காது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அவர் மேலே போய், பெட்டியில் வலைகளை ஏற்றிக்கொண்டு இறங்கினார். எப்போதும்போல வளைவுக்கு வெகு முன்பே ஹாண்டிலைக் கடைசிவரை இடதுபக்கம் ஒடித்தார். எப்போதும்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்கீ கடித்தது. அவ்வளவு கடிக்கும் என்று தெரியாத ஒரு மனிதரின் கீழே கடித்தது. உள்பக்கத்து ஸ்கீ மேலே எழும்பியது, பின்னால் இருந்த பெட்டி வண்டியைத் தள்ளியது, வண்டி வலதுபக்கமாகக் கவிழ்ந்தது. அவர் வலது கை ஹாண்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

நான் ஓடிப்போய் வண்டியைத் தூக்கினேன். மணிக்கட்டு இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை. அவர் வலியில் கத்தவில்லை. பனியில் உட்கார்ந்துகொண்டு, வந்த தடத்தையே திரும்பிப் பார்த்தார்.

“நான் என்னப்பா பண்ணேன்?” என்றார்.

அவர் நிஜமாகவே என்னிடம் கேட்டார். பதில் தெரிந்த ஒரே ஆள் நான். “ஆம்புலன்ஸ் வருதுண்ணே” என்றேன்.

பத்து மணிக்கு வண்டியைச் சோதிக்க ஆள் வருவார் என்று சேஃப்டி ஆபீசர் சாஜன் சேட்டன் சொல்லிவிட்டுப் போனார். எட்டரை மணிக்கு நான் ஸ்பானரை எடுத்தேன். பட்டையை இரண்டு துளை தளர்த்தினேன். ஸ்பிரிங்குகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். கழற்றிப்போட்ட தேய்ந்த கம்பியைக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து மறுபடி மாட்டினேன். ஏதோ பதற்றத்தில் யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று பல மாதம் எனக்கே சொல்லிக்கொண்டேன். யோசிக்காதவன் குப்பைத்தொட்டியைத் தேட மாட்டான்.

வண்டியில் குறையில்லை என்று அறிக்கை வந்தது.

5

இரண்டு நாள் கழித்து அவருடைய வாக்குமூலம் வேண்டும் என்றார்கள். படிவம் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்தது. அண்ணனுக்கு இரண்டும் வராது. யான்புவில் பொறுக்கிய இந்தியை வைத்து ஒப்பேற்றுகிறவர். சாஜன் சேட்டன் என்னையே அனுப்பினார். நீங்கள் ஒரே பாஷைக்காரர்கள், அவர் சொல்வதை நீ எழுதினால் போதும் என்றார். யாருக்கும் அதில் தவறாக எதுவும் தோன்றவில்லை. ஒரே மாநிலத்துக்காரன், படித்தவன், அண்ணனுக்குப் பிடித்தவன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவர் சொன்னார். சொன்னது இரண்டே வாக்கியம்.

“எப்பவும் ஒடிக்கிற மாதிரிதான் ஒடிச்சேன். வண்டிதான் அன்னிக்கு வேற மாதிரி கடிச்சிருச்சு.”

டிரைவர் அல்லவா. கைக்கு அடியில் என்ன நடந்தது என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. நான் குனிந்துகொண்டு ஆங்கிலத்தில், ஹாண்டிலை அளவுக்கு மேல் திருப்பிவிட்டேன் என்று எழுதினேன். இரண்டாவது வாக்கியத்தை எழுதவே இல்லை.

“நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியா தம்பி?”

“எழுதிட்டேண்ணே.”

வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால், பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். தாள் நகராமல் நான் பிடித்துக்கொண்டேன்.

ஓட்டுபவரின் தவறு என்று கோப்பு மூடப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தபோது அவருக்கு அதைப் புதுப்பிக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும் முன் பட்டறைக்கு வந்து என்னிடம் சொல்லிக்கொண்டார். “என் தப்புக்கு உனக்குத்தான் ரெண்டு நாள் அலைச்சல்” என்றார். அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரோ இந்தியில் விளக்கியிருக்கிறார்கள். சோதனை போட்ட ஆளே வண்டி சரி என்று சொல்லிவிட்டார், அப்படியானால் தன் கைதானே காரணம் என்று அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் இருந்தது. அந்த அரை நிமிடத்தில் சாயா குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

6

காணொளி வந்த அன்று சாயங்காலம், அவரோடு ஒரே அறையில் இருந்த செந்துறைக்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். லீவில் ஊருக்குப் போய் வந்தவர். தங்கராசு எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

கை நன்றாகக் கூடிவிட்டதாம், வேலையெல்லாம் செய்கிறாராம். ஆனால் எந்த வண்டியையும் தொடுவதில்லை என்றார். மச்சான் டிராக்டரைக் கொடுத்தும் மாட்டேன் என்றுவிட்டாராம். வீட்டு மொபெட்டை மனைவிதான் ஓட்டுகிறார். இவர் பின்னால் உட்கார்ந்து போகிறார். டீக்கடையில் கிண்டல் செய்தால், என் கை மேல் எனக்கே நம்பிக்கை இல்லை, அடுத்தவன் பிள்ளையை இடித்துவிட்டால் யார் பொறுப்பு என்கிறாராம்.

அவருடைய வேலை போனதற்கு நான் காரணம் என்று மட்டும்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை கிடைத்திருக்கும், ஊரில் இருப்பது நல்லதுதான் என்று சமாதானமும் வைத்திருந்தேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேலையை அல்ல.

வழக்கமான செயலிகளில் அழைத்துப் பேச இந்த நாட்டில் தடை. நேரடியாகவே போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். பனி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். பட்டை, ஸ்பிரிங், கம்பி, குப்பைத்தொட்டி, ஆஸ்பத்திரி வராந்தா. நடுவில் இணைப்பு போய்விட்டதோ என்று இரண்டு தரம் அண்ணே அண்ணே என்றேன்.

“எத்தினி துளை இறுக்குன?” என்றார் கடைசியில்.

“ரெண்டுண்ணே.”

“பெட்டி கட்டிப் பாத்தியா?”

“இல்லண்ணே.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இரு, இவகிட்ட சொல்லு” என்று போனைக் கொடுத்துவிட்டார்.

அவர் மனைவி செல்வி அக்காவிடம் நான் அதுவரை பேசியதில்லை. முதலிலிருந்து மறுபடி சொன்னேன். இம்முறை எல்லாமே இன்னும் கேவலமாக ஒலித்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எங்ககிட்ட சொல்லிட்டீங்க. அங்க சொன்னீங்களா?”

இல்லை என்றேன்.

“அங்கதான தம்பி எழுதி வச்சிருக்கு” என்றார்.

7

மறுநாள் காலை சாஜன் சேட்டனிடம் போனேன். கோப்பு மூடியாயிற்று, கலாஸ், எல்லாம் முடிந்தது, இப்போது எதற்கு என்றார். உன் அக்காவும் அவள் குடும்பமும் இங்கே இருக்கிறார்கள், யோசித்துச் செய் என்றார். கெட்ட மனிதர் அல்ல. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

ஒருவருடைய வாக்குமூலத்தைத் திருத்த அவரே கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் நாட்டில் இல்லை; ஆகவே திருத்த முடியாது. ஒப்பந்தத்தில் வந்தவர் ஊருக்குப் போனபின் அவர் சொன்ன சொல்லும் போய்விடுகிறது. என் பெயரில் புதிதாக ஒன்று கொடுக்கலாம் என்று தேடி ஒரு படிவத்தை எடுத்துத் தந்தார். நடந்ததை எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. இரண்டு வரி இடம். வேலை போய்விடும் என்ற பயம் என்று எழுதினேன். ஒரு வரிகூட முழுதாக நிரம்பவில்லை.

அதற்குக் கீழே அண்ணன் வராந்தாவில் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் தமிழிலேயே எழுதி, பக்கத்தில் ஆங்கிலமும் எழுதினேன். தமிழ் எதற்கு, யார் படிப்பார்கள் என்றார் சேட்டன். இருக்கட்டும் என்றேன். தாளைப் படம் எடுத்து செல்வி அக்காவுக்கு அனுப்பினேன்.

விசாரணை முடியும்வரை நான் எந்த வண்டியையும் தொடக்கூடாது. பகலெல்லாம் ஸ்டோரில் கையுறை எண்ணுகிறேன். என்ன முடிவு வரும் என்று தெரியாது. யாழினியிடம் சொல்லிவிட்டேன், ஓரளவுக்கு. அந்த அங்கிள் இப்போது வண்டி ஓட்டுகிறாரா என்று கேட்டாள், தமிழில்.

நேற்று செல்வி அக்கா ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தார். பின்னால் கோழி கத்துகிறது, யாரோ குடம் வைக்கிறார்கள்.

“தம்பி, காலையில மொபெட்ட அவரே எடுத்தாரு. கடை வரைக்கும்தான். நான் பின்னாடி உக்காந்துக்கிட்டேன். ரோட்டுல நல்லாத்தான் ஓட்டுனாரு. அந்தக் கோயிலு வளைவு வந்ததும் நிறுத்திட்டாரு. எறங்கு புள்ளன்னாரு. ரெண்டு பேரும் எறங்கி, வண்டியத் தள்ளிக்கிட்டே வளைவத் தாண்டுனோம். அப்பறம் ஏறிக்கிட்டு ஓட்டுனாரு.”